நாச்சுவையும் செவிச்சுவையும்

ஐம்புலன்களை எண்ணும்போது ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் ஆகிய நான்குக்கும் முன்னால் சுவையை நிறுத்தும் திருக்குறள், கேள்வி என்னும் 42ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறளில் அச்சொல்லை நாவிலிருந்து பெயர்த்துச் செவியில் வைக்கிறது. வாயின் சுவையை மட்டும் அறிந்து செவியின் சுவையை அறியாதவர்கள் இருந்தால் என்ன, இறந்தால் என்ன என்று அக்குறள் சற்றுக் கடுமையாகவே கேட்கிறது. உணவுக்குரிய சொல்லைக் கல்விக்கும் ஏற்றிக் கூறும் வழக்கு, தனியாக விளக்கம் எதுவும் தேவைப்படாத அளவுக்கு அக்காலத்திலேயே வேரூன்றியிருக்க வேண்டும்.

இந்த ஏற்றத்தை இலக்கணநூலார் ஒரு கோட்பாடாகவே வளர்த்தெடுத்தனர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்தில் எழும் உணர்வு உடலின்மேல் வெளிப்பட்டுத் தோன்றுவதை மெய்ப்பாடு என்னும் பெயரால் ஆராய்ந்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என அதனை எட்டாக வகுக்கிறது. இவற்றுள் இளிவரல் என்பது இழிவு கண்டு எழும் அருவருப்பையும், மருட்கை என்பது வியப்பையும் குறிக்கும். இந்த எட்டையும் அடிப்படையாகக் கொண்டே பிற்காலத்துத் தண்டியலங்காரம் சுவையணி என்னும் அணியை வகுத்தது. வடமொழியில் பரதரின் நாட்டியசாத்திரமும் ரசம் எனப்படும் சுவைகளை எட்டாகவே கூறுகிறது; சாந்தம் எனப்படும் சமநிலை ஒன்பதாவதாகச் சேர்ந்த பிறகே நவரசம் என்னும் தொகை நிலைபெற்றது. 1964இல் வெளிவந்த நவராத்திரி திரைப்படத்தில் சிவாஜி கணேசன் ஏற்ற ஒன்பது வேடங்களும் இந்தத் தொகையைப் பின்பற்றி அமைந்தவையே.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உணவின் சுவைகள் இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு, உவர்ப்பு என ஆறாக இருக்க, உள்ளத்தின் சுவைகள் எட்டாகவோ ஒன்பதாகவோ இருக்கின்றன; உவகைக்கு இனிப்பு, வெகுளிக்குக் கார்ப்பு என்று ஒன்றுக்கொன்று இணை சேர்க்கும் முயற்சி அங்கே இல்லை. இலக்கணநூலார் கடன் வாங்கியது சுவைத்தல் என்னும் நிகழ்ச்சியை மட்டுமே. தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய பேராசிரியர் தம் உரையில் சுவைக்கப்படும் பொருள், அதனை அறியும் பொறியுணர்வு, அதனால் மனத்தில் படும் குறிப்பு, உடலில் தோன்றும் விறல் என நான்கு நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறார். விறல் என்பது நடுக்கம், வியர்வை, மெய்சிலிர்ப்பு போன்ற உடற்குறிகளைக் குறிக்கும். வேப்பங்காயும் நாவும் கூடினாலன்றிக் கைப்பு என்னும் உணர்வு பிறக்காததைப் போலவே, புலியும் அதைக் காண்பவரும் எதிர்ப்பட்டாலன்றி அச்சம் பிறப்பதில்லை. ரசனை என்னும் சொல்லும் இதற்குத் துணை நிற்கிறது. இன்று கலையை நுகரும் திறனைக் குறிக்கும் அச்சொல்லுக்கு வடமொழியில் நாக்கு என்றே பொருள்.

மக்கள் பேச்சு சென்ற வழி வேறு. அது சுவைகளைத் தனித்தனியே எடுத்தாண்டது, அதுவும் அவை உடலில் செய்யும் வேலையை ஒட்டியே எடுத்தாண்டது. ‘நன்றாக உறைக்கும்படி சொன்னார்’ என்றும், ‘எவ்வளவு சொல்லியும் அவனுக்கு உறைக்கவில்லை’ என்றும் கூறும்போது மிளகாயின் எரிச்சல் அறிவுரையின் மேல் ஏறுகிறது. இன்றைய அறிவியல் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, ஜப்பானியர் உமாமி என்று அழைக்கும் சுவை ஆகிய ஐந்தையே அடிப்படைச் சுவைகளாகக் கொள்வதால், உறைப்புக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. மிளகாயிலுள்ள கேப்சைசின், சூட்டையும் நோவையும் அறிவிக்கும் நரம்பணுக்களையே தூண்டுகிறது; அதனை ஏற்கும் புரதம் எது என்பது 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டேவிட் ஜூலியஸின் ஆய்வுகளால் தெளிவாயிற்று. உறைப்பு உண்மையில் ஒரு நோவு என்பதால், உறைக்காதவனைச் சுரணையற்றவன் என்று பேச்சுவழக்கு தீர்ப்பளிப்பதில் பிழையில்லை.

கசப்புக்கும் அத்தகைய அடிப்படை உண்டு. தாவர நஞ்சுகள் பலவும் கசப்பானவை என்பதால் அச்சுவையை அறிய மனித நாவில் ஏறத்தாழ 25 வகை ஏற்பிகள் அமைந்துள்ளன. கைக்குழந்தைகூடக் கசந்ததைத் துப்பிவிடும். உறவு கசந்தது, மனக்கசப்பு என்னும் வழக்குகளில் இருப்பதும் துப்பி விலக்கும் அந்த இயல்பே. உப்போ அளவுக்குரிய பொருளாயிற்று. ஊடலை உணவில் அமைந்த உப்புக்கும், அது நீள்வதை உப்பு மிகுவதற்கும் ஒப்பிடும் குறள் ஒருபுறமிருக்க, சுவையற்ற பேச்சை உப்புச்சப்பில்லாதது என்று ஒதுக்குவதும், மானமுள்ளவனா என்று கேட்க நினைப்பவர் ‘உப்புப் போட்டுத்தானே சாப்பிடுகிறாய்?’ என்று கேட்பதும் அச்சுவையின் பல முகங்கள். புளிப்பு இரண்டாகப் பிரிந்து, பலமுறை கேட்ட கதை புளித்துப்போகிறது, எதிர்பாராத அச்சம் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. இனிமையோ வெகுதூரம் சென்றுவிட்டது. இன்பம், இனிய, இன்னா ஆகியவற்றில் நாவின் நினைவே எஞ்சவில்லை. பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்த இனியவை நாற்பது, இன்னா நாற்பது ஆகிய இரு நூல்களும் பேசுவது வாழ்க்கையில் நன்மை தருவனவற்றையும் துன்பம் தருவனவற்றையும் பற்றியே.

துவர்ப்புக்கு மட்டும் இந்தப் பேறு வாய்க்கவில்லை. பாக்கு, கடுக்காய், வாழைப்பூ ஆகியவற்றில் துலங்கும் அச்சுவை, அவற்றிலுள்ள டானின் என்னும் பொருள் உமிழ்நீர்ப் புரதங்களோடு பிணைந்து வாயை உலர்த்துவதால் உண்டாகிறது. கோபத்தையோ அன்பையோ துவர்ப்பு என்று சொல்வார் எவருமில்லை. துவர் என்னும் சொல்லுக்குக் கிடைத்த மற்றொரு வாழ்வு நிறத்தைச் சார்ந்தது. துவரிதழ், துவராடை என்னும் தொடர்களில் அது சிவப்பைக் குறிக்கிறது.