மேல்நிலைக் கணிதமும் ‘எல்லை’ என்னும் கருத்தும்

பள்ளிக் கல்வியின் இறுதி இரண்டு ஆண்டுகளில் கணிதம் தன் இயல்பிலேயே மாறுதல் அடைகிறது. பத்தாம் வகுப்பு வரை மாணவர் செய்யும் கணக்குகள் பெரும்பாலும் சில படிகளில் முடிவுறுவன. முடிவின்றித் தொடரும் ஒரு செயலும் திட்டமான ஓர் எண்ணைக் குறிக்கக்கூடும் என்பதைப் பதினொன்றாம் வகுப்பில்தான் அவர்கள் முறையாக எதிர்கொள்கின்றனர். இதுவே ‘எல்லை’ என்னும் கருத்தாகும். வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம் ஆகிய இரண்டும் இதன்மீதே எழுப்பப்பட்டுள்ளன. இது தெளிவுறாத மாணவர் வாய்பாடுகளை மனப்பாடம் செய்து தேர்வில் வெற்றி பெறுதல் கூடும். ஆயினும், பௌதிகத்திலோ பொறியியலிலோ வாய்பாட்டில் அடங்காத வினா எழும்போது அவர் செய்வதறியாது நிற்பார்.

கேரளத்தில் இவ்விரண்டு ஆண்டுப் படிப்பு நெடுங்காலம் கல்லூரிகளில் பிரீடிகிரி வகுப்பாக நடைபெற்று வந்தது. 1990-91இல் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகள் தொடங்கப்பெற்றன. 2000-01ஆம் கல்வியாண்டு அளவில் பிரீடிகிரி கல்லூரிகளிலிருந்து முற்றிலும் பிரிக்கப்பட்டது. இதனால், எல்லைக் கருத்தை முதன்முதலில் விளக்கும் பொறுப்பு பள்ளி ஆசிரியரைச் சேர்ந்தது. அவருக்குத் துணையாகும் சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று திருவனந்தபுரத்திலேயே அச்சேறிய பழைய நூல் ஒன்றில் காணப்படுகிறது.

நீலகண்டர் காட்டிய தொடர்

திருநெல்வேலிச் சீமையில் பிறந்த த. கணபதி சாஸ்திரியார் 1905இல் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையைத் தொடங்கினார். கேரளக் கணித அறிஞர் நீலகண்ட சோமயாஜி (1444-1544) ஆரியபடீயத்திற்கு எழுதிய உரை இவ்வரிசையில் 1930, 1931, 1957 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. அவ்வுரையில் 1/4 + 1/16 + 1/64 + … என முடிவின்றிச் செல்லும் தொடர் ஆராயப்படுகிறது. ஒவ்வோர் உறுப்பும் அதற்கு முந்தியதில் நான்கில் ஒரு பங்கு. இத்தொடரின் கூட்டுத்தொகை 1/3 ஆகும்.

உறுப்புகளோ முடிவின்றிச் சேர்ந்துகொண்டே போகின்றன. அவ்வாறிருக்க, தொகை 1/3-ஐத் தாண்டாது என்பது எங்ஙனம் தெரியும்? 1/3 வரை அது உயரும் என்பதுதான் எங்ஙனம் தெரியும்? நீலகண்டர் இவ்விரு வினாக்களையும் எழுப்பி விடை காண்கிறார். 1/3-இலிருந்து முதல் உறுப்பாகிய 1/4-ஐக் கழித்தால் எஞ்சுவது 1/12. அதிலிருந்து 1/16-ஐக் கழித்தால் எஞ்சுவது 1/48. அடுத்து 1/64-ஐக் கழித்தால் எஞ்சுவது 1/192. ஒவ்வொரு படியிலும் எஞ்சுவது, கடைசியாகச் சேர்த்த உறுப்பில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. எச்சம் ஒருபோதும் மறைவதில்லை. ஆதலின் தொகை 1/3-ஐத் தாண்டுவதில்லை. எச்சத்தை எவ்வளவு சிறிதாக வேண்டுமாயினும் ஆக்கலாம். ஆதலின் அதற்குக் குறைவான வேறோர் எண்ணில் தொகை நின்றுவிடுவதும் இல்லை. எல்லை என்பதன் பொருள் முழுவதும் இவ்விரு வாக்கியங்களில் அடங்கிவிடுகிறது.

விடுபட்ட இணைப்பு

பதினொன்றாம் வகுப்பில் இயல் எண்களின் வர்க்கங்களைக் கூட்டும் வாய்பாடும், பன்னிரண்டாம் வகுப்பில் தொகையீட்டைக் கூட்டலின் எல்லையாகக் காணும் பகுதியும் முன்பு இடம்பெற்றிருந்தன. தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் கழகம் 2022இல் பாடச் சுமையைக் குறைத்தபோது இவ்விரண்டும் அதன் பாடநூல்களிலிருந்து நீக்கப்பட்டன. சுமை குறைந்தது உண்மையே. ஆனால் தொகையீடு ஏன் பரப்பைத் தருகிறது என்பதற்கான நேர்வழியும் அதனுடன் நீங்கியது. இக்குறையை ஒரே பாடவேளையில் நிரப்பலாம்.

y = x² என்னும் வளைகோட்டின் கீழ் 0 முதல் 1 வரையுள்ள பரப்பைப் பத்துச் சம அகலப் பட்டைகளாகப் பிரிக்க வேண்டும். வளைகோட்டுக்கு மேலே செல்லும் பட்டைகளின் பரப்பு 385/1000, அதாவது 0.385. கீழே அடங்கும் பட்டைகளின் பரப்பு 0.285. உண்மைப் பரப்பு இவ்விரண்டிற்கும் இடையில் உள்ளது. பட்டைகள் 100 ஆயின், அவ்விரு எண்களும் 0.33835, 0.32835 ஆகின்றன, 1000 ஆயின், 0.3338335, 0.3328335 ஆகின்றன. இரண்டும் இருபுறமும் நெருங்கி 1/3-ஐ அணைக்கின்றன. மாணவர் தம் கையாலேயே இவ்வெண்களைக் கணித்தபின், x²-இன் தொகையீடு x³/3 என்பது அவருக்கு வெறும் வாய்பாடாகத் தோன்றாது.

வட்டத்தின் தொடர்

ஏறத்தாழ 1530இல் ஜ்யேஷ்டதேவர் மலையாள உரைநடையில் இயற்றிய யுக்திபாஷை இம்முறையையே கையாளுகிறது. வர்க்கங்களின் தொகை எண்ணிக்கை பெருகப் பெருக n³/3-ஐயும், கனங்களின் தொகை n⁴/4-ஐயும் ஒத்துவரும் என நிறுவி, இத்தகைய முடிவுகளைக் கொண்டு வட்டத்தின் பரிதிக்குத் தொடர் காண்கிறது. விட்டம் 1 எனில் பரிதி 4 − 4/3 + 4/5 − 4/7 + … ஆகும். இத்தொடர் 14ஆம் நூற்றாண்டினரான சங்கமகிராம மாதவருக்கு உரியதெனக் கூறப்படுகிறது. சார்லஸ் விஷ் என்னும் ஆங்கிலேய அதிகாரி எழுதி 1834இல் வெளியான கட்டுரையால் மேலைநாட்டார் இதை அறிந்தனர்.

இத்தொடர் மிக மெதுவாகவே எல்லையை நெருங்கும். பத்து உறுப்புகளைக் கூட்டினால் 3.04184 மட்டுமே கிடைக்கும். கேரள அறிஞர் இதற்கும் வழி கண்டனர். n உறுப்புகளுடன் நிறுத்தும்போது 4n/(4n²+1) என்னும் திருத்தத்தைச் சேர்க்க வேண்டும். கடைசி உறுப்பு கழிக்கப்பட்டதாயின் திருத்தத்தைக் கூட்டவும், கூட்டப்பட்டதாயின் கழிக்கவும் வேண்டும். பத்து உறுப்புகளுக்கு இது 40/401. அதனைக் கூட்ட 3.14159 கிடைக்கிறது. எச்சத்தை அளந்தறிதலே எல்லைக் கணிதத்தின் உயிர்நாடி என்பதற்கு இது தக்க சான்று.

ஆசிரியர் கவனத்திற்கு

மாணவரிடம் இரு பிழையான எண்ணங்கள் மிகுதியாகக் காணப்படும். எல்லை என்பது ‘ஏறக்குறைய’ வரும் விடை என்பது ஒன்று. பகுதிக் கூட்டல்கள்தாம் ஏறக்குறைய அமைவன. எல்லையோ திட்டமான எண். உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போனால் தொகை கட்டாயம் ஓர் எல்லைக்குள் அடங்கும் என்பது மற்றொன்று. 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்னும் தொடரைக் காட்டி இதனைக் களையலாம். 1/3 + 1/4 என்பது 1/2-ஐவிடப் பெரியது. 1/5 முதல் 1/8 வரையுள்ள நான்கின் தொகையும் அவ்வாறே. இங்ஙனம் அரை அரையாகச் சேர்ந்து இத்தொகை எவ்வெண்ணையும் கடந்துவிடும்.

இக்கணக்குகளுக்குக் கரும்பலகையும் கணக்கேடும் போதும். வாய்பாட்டைக் கூறுமுன் எண்களைக் கணிக்கச் செய்தல், ஒவ்வொரு படியிலும் எஞ்சுவது எவ்வளவு என வினவுதல் ஆகிய இரண்டையும் ஆசிரியர் வழக்கமாகக் கொண்டால், தொகையீட்டைக் கற்கும் மாணவர் தாம் எதைக் கூட்டுகிறோம் என்பதை அறிந்தே கூட்டுவர்.