பழைய மெஷினுக்கு ரப்பர்தான் உயிர்

பழைய செயின்சா ஒன்றை விலை பேசும்போது, ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்வதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சுவிட்சை ஆஃபில் வைத்து, ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மெஷினை அப்படியே தூக்கிப் பாருங்கள். நல்ல மெஷின் கயிற்றில் தொங்கும். சற்று நிற்கும், விரற்கடை அளவு இறங்கும், மறுபடி நிற்கும். நிற்கும் ஒவ்வொரு கணமும் பிஸ்டன் மேலேறிக் காற்றை அழுத்துகிறது என்று பொருள். நிற்காமல் சரசரவென்று தரைக்கு வந்துவிட்டால் உள்ளே கம்ப்ரஷன் இல்லை. ரிங் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் சிலிண்டர் கீறியிருக்கும்.

அடுத்தது சைலன்சர். இரண்டு மூன்று போல்ட்டைக் கழற்றி, புகை வெளியேறும் துளையில் டார்ச் அடித்தால் பிஸ்டனின் பக்கச்சுவர் தெரியும். அது வழவழப்பாக, தயாரிப்பாளர் விட்ட மெல்லிய வரிகளோடு இருந்தால் நிம்மதி. மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கிழிந்திருந்தால் அந்த எஞ்சின் ஒருமுறை பிடித்து நின்றிருக்கிறது. புகைத் துளைப் பக்கம் மட்டும் கீறல் என்றால் ஆயில் கலக்காத பெட்ரோலிலோ, பெட்ரோல் போதாமலோ ஓடியிருக்கிறது. கார்பரேட்டர் பக்கம் கீறல் என்றால் ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறது. விற்பவர் சொல்லும் கதையைவிட இந்தக் கீறல் சொல்லும் கதையை நம்பலாம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, டெல்டாவின் தென்னந்தோப்புகள் படுத்த படுக்கையாயின. 2016 டிசம்பரில் வர்தா சென்னையின் சாலைகளை மரங்களால் அடைத்தது. அப்படிப்பட்ட நாட்களில் செயின்சா இல்லாமல் ஒரு தெருவைக்கூடத் திறக்க முடியாது. வேலை முடிந்ததும் அதே மெஷின் கொட்டகை மூலையில், டேங்கில் மிச்சப் பெட்ரோலோடு வருடக்கணக்கில் கிடக்கும். மறுபடி எடுக்கும்போது ஸ்டார்ட் ஆகாது. எடைக்குப் போட்டுவிடலாம் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் அதன் இரும்பு நன்றாகத்தான் இருக்கும். செத்திருப்பது ரப்பர்.

செயின்சாவின் எஞ்சின் டூ-ஸ்ட்ரோக். வால்வு கிடையாது, அடியில் ஆயில் தேக்கமும் கிடையாது. பிஸ்டன் மேலே போகும்போது கீழே உள்ள கிராங்க் அறையில் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உறிஞ்சுகிறது. கீழே வரும்போது அதே அறை அந்தக் கலவையை அழுத்தி, பக்கவாட்டு வழிகள் மூலம் பிஸ்டனுக்கு மேலே தள்ளுகிறது. ஆக, கிராங்க் அறையே ஒரு பம்பு. பம்பு என்றால் ஓட்டை கூடாது. அந்த அறையை மூடி வைத்திருப்பவை கிராங்க் தண்டின் இரு பக்கமும் உள்ள ஆயில் சீல், அடிப்பகுதி கேஸ்கெட், கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய் ஆகியவை. கேஸ்கெட்டைத் தவிர மற்றவை வெப்பத்தில் விறைத்து, வருடங்களில் வெடிக்கும் பொருட்கள்.

கார்பரேட்டரின் கதை இன்னும் அழகானது. பைக் கார்பரேட்டரில் மிதவை உண்டு. சாய்த்தால் வேலை செய்யாது. மரத்தில் வேலை செய்பவருக்கோ மெஷின் பக்கவாட்டிலும் தலைகீழாகவும் ஓட வேண்டும். அதற்காக மிதவைக்குப் பதில் மெல்லிய சவ்வு ஒன்றை வைத்தார்கள். அதுபோக இன்னொரு சவ்வு, கிராங்க் அறையின் அழுத்தம் ஏறி இறங்கும் துடிப்பையே வாங்கிக்கொண்டு பெட்ரோலை டேங்கிலிருந்து இழுக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 12,000 சுற்று ஓடினால், அந்தச் சவ்வு நொடிக்கு 200 முறை துடிக்கிறது. அது விறைத்துப்போனால் பெட்ரோல் வருவது குறையும். கையில் எடுத்துக் காதருகே ஆட்டினால் காகிதம்போலச் சலசலக்கும் சவ்வை யோசிக்காமல் மாற்றிவிடலாம். புதியது சத்தமே போடாது.

காற்று எங்காவது திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்தால் கலவையில் பெட்ரோலின் பங்கு குறைகிறது. டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடுதான் வருகிறது. 50:1 கலவை என்றால் லிட்டருக்கு 20 மில்லி. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும். அலுமினிய பிஸ்டன் விரிந்து, ஆயில் படலம் அறுந்து, மிகச் சூடான பக்கமான புகைத் துளைப் பக்கத்தில் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். முன்னால் பார்த்த கீறல்கள் இப்படித்தான் பிறக்கின்றன. இப்படிப் பிடித்த மெஷினுக்குப் புது பிஸ்டன் மட்டும் போட்டுக் கொடுத்தால், ஓட்டை அப்படியே இருப்பதால் அந்தப் பிஸ்டனும் அதே வழியில் போகும். பிஸ்டன் செத்தது விளைவு. காரணத்தைத் தேடாத ரிப்பேர் பணத்துக்குக் கேடு.

தேடும் முறை எளியது. சைலன்சர் துளையையும் கார்பரேட்டர் துளையையும் ரப்பர் தகடு வைத்து இறுக்கி அடைத்துவிட்டு, கார்பரேட்டருக்குத் துடிப்பு போகும் சிறு துளை வழியே கைப்பம்பால் காற்று ஏற்ற வேண்டும். 0.5 பார் போதும். முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள், நுரை வருகிற இடம் குற்றவாளி. பலரும் இதோடு விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. ஆயில் சீலின் உதடு உள்நோக்கி இருப்பதால், உள்ளிருந்து வரும் அழுத்தம் அதைத் தண்டோடு சேர்த்து அழுத்துகிறது. தேய்ந்த சீல்கூடத் தேறிவிடும். பம்பைத் திருப்பி வெற்றிடம் இழுத்தால்தான் உதடு விலகி உண்மை வெளியே வரும். ஓடும் மெஷினிலும் அடையாளம் தெரியும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்காமல் நிற்பது ஒன்று. பக்கவாட்டில் சாய்த்தால் ஐட்லிங் மாறுவது இன்னொன்று. இரண்டையும் ஸ்குரூவைத் திருகிச் சரிக்கட்டுபவர் நோயை மறைக்கிறார்.

ரப்பருக்கு இப்போது புது எதிரி சேர்ந்திருக்கிறது. நம் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20% வரை எத்தனால். எத்தனாலின் எடையில் ஏறத்தாழ 35% ஆக்சிஜன். எனவே அது கலந்த பெட்ரோல் எரியக் குறைந்த காற்றே போதும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு டியூன் செய்த பழைய கார்பரேட்டர் பழைய அளவுக்கே காற்றை விடுவதால், எஞ்சின் பெட்ரோல் பற்றாமல் ஓடும். கார்பரேட்டரில் அதிவேகப் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் எச் ஸ்குரூவைச் சிறிது திறந்துவிட வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து தேங்கிய பெட்ரோலில் இருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடலோர ஊர்களில் சொல்லவே வேண்டாம். ஓர் அளவைத் தாண்டினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்கின் உறிஞ்சு ஃபில்டரோ எப்போதும் அடியில் கிடப்பதற்கென்றே எடை வைத்துச் செய்யப்பட்டது. ஆக, எஞ்சினுக்கு முதலில் போவது ஆயிலே இல்லாத திரவம். ஆகவே ஒரு வாரத்துக்கு ஆகும் அளவு மட்டும் கலந்து வைத்துக்கொள்வதும், எடுத்து வைக்கும்போது டேங்கைக் காலி செய்து தானாக நிற்கும் வரை ஓட விடுவதும் அவசியம். பழைய பெட்ரோல் குழாயை எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுவது சொற்பச் செலவு.

கீறிய சிலிண்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு சோதனை இருக்கிறது. சிலிண்டரும் அலுமினியம்தான், ஆனால் உட்சுவரில் குரோம் அல்லது நிக்கல் கலந்த கடினப் பூச்சு உண்டு. பல சமயம் நாம் கீறல் என்று நினைப்பது பிஸ்டனின் அலுமினியம் அந்தப் பூச்சின்மேல் அப்பிக்கொண்டதுதான். காஸ்டிக் சோடாக் கரைசலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு அந்தக் கறையில் மட்டும் வைத்தால் பொங்கி நுரைக்கும். அலுமினியம் கரைந்து ஹைட்ரஜன் வெளியேறுகிறது. துடைத்து மறுபடி வைக்க வேண்டும். நுரை நின்றால் அப்பியது போய்ப் பூச்சு வெளிப்பட்டுவிட்டது. கழுவி, மெல்லிய உப்புத்தாள் ஓட்டி, புது பிஸ்டன் போடலாம். நுரை நிற்கவே இல்லையென்றால் பூச்சு போய்விட்டது, நீங்கள் சிலிண்டரையே கரைத்துக்கொண்டிருக்கிறீர்கள். துளைகளின் விளிம்பில் பூச்சு இல்லாத அலுமினியம் தெரியும், அங்கே படக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்பில்லாமல் செய்கிற வேலை இது.

இதுவரை சொன்னது மெஷினின் உயிர். அதைப் பிடிப்பவரின் கையும் ரப்பரை நம்பித்தான் இருக்கிறது. கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள ரப்பர் தாங்கிகள் அதிர்வைத் தடுக்கின்றன. அவை கிழிந்தாலும் மெஷின் ஓடும் என்பதால் யாரும் மாற்றுவதில்லை. அதிர்வு வருடக்கணக்கில் ஏறினால் விரல்களின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகும். 1918-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் சுண்ணாம்புக்கல் செதுக்கும் தொழிலாளர்களிடம் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் இதை ஆராய்ந்து எழுதினார். பின்னாளில் செயின்சாக்காரர்களின் நோயானது. பின்லாந்தின் காட்டுத் தொழிலாளர்களை 1972 முதல் 1990 வரை தொடர்ந்து பார்த்தபோது, வெள்ளை விரல் நோய் 40 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. அதே காலத்தில் செயின்சாவின் அதிர்வு 14-லிருந்து 2 மீட்டர்/நொடி² ஆகக் குறைந்திருந்தது. பழைய மெஷினுக்குச் செலவு செய்யக் கையில் கொஞ்சம்தான் காசு இருக்கிறது என்றால், அந்த முதல் காசு இந்தத் தாங்கிகளுக்குப் போக வேண்டும் என்பேன்.

மேம்படுத்துவது என்றதும் பலருக்குச் சைலன்சரில் துளை போடத் தோன்றுகிறது. பலம் சற்றுக் கூடுவது உண்மை. கூடவே கலவையில் பெட்ரோல் குறைகிறது, காது செவிடாகிறது, தீப்பொறி தடுக்கும் வலை போகிறது. மரத்தின்மேல் வேலை செய்கிறவருக்கு இந்தப் பேரம் கட்டாது என்பது என் கருத்து. பலம் வேண்டுமென்றால், செயின் ஓடும் தகடான பாரின் நீளத்தைக் குறையுங்கள், செயினைத் தீட்டுங்கள். செயின் பல்லின் இன்றைய வடிவமே ஒரு புழு தந்தது. அமெரிக்காவின் ஒரிகனில் மரம் வெட்டிய ஜோசப் காக்ஸ் 1946-இல், மரத்தைக் குடையும் வண்டின் புழு தாடையை இடமும் வலமுமாக ஓட்டி மரத்தைச் சீவுவதைக் கவனித்தார். அதுபோல இடப்பல்லும் வலப்பல்லும் மாறி மாறி வரும் செயினை உருவாக்கினார். பல் சீவ வேண்டும், சுரண்டக்கூடாது. வெளியே விழுவது சில்லாக இருந்தால் செயின் கூர். மாவாக இருந்தால் அரத்தை எடுக்க வேண்டிய நேரம். அரம் பல்லின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் மட்டும் போக வேண்டும், எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில். பல்லுக்கு முன்னால் நிற்கும் சிறு மேடு எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது, பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்வு பல செயின்களுக்குச் சரி. அதை அதிகம் தேய்த்தால் செயின் மரத்தைப் பிடித்துத் துள்ளும்.

மரத்துக்குத் தக்கவும் செயின் மாறும். புளிக்கும் வேம்புக்கும் வைரம் உள்ளே. பனைக்கும் தென்னைக்கும் வெளியே. தொல்காப்பியத்தின் மரபியல் இந்த வேறுபாட்டை வைத்தே மரத்தையும் புல்லையும் பிரித்தது. மண் படிந்த தென்னையின் வெளிவட்டம் கூர்முனைப் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும். முனை சற்று உருண்ட பல் மெதுவாக அறுத்தாலும் கூர் நிற்கும். புதுச் செயின் போடும்போது தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டை விட்டுவைக்கக் கூடாது. பழைய பல்சக்கரம் புதுச் செயினைத் தின்றுவிடும். பாருக்கு ஊற்றக் கழிவு எஞ்சின் ஆயில் வேண்டவே வேண்டாம். அதில் உலோகத்தூளும் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களும் உண்டு. செயின் அதைச் சாரலாக்கி உங்கள் மேலேயே தெளிக்கும்.

கடைசியாகச் செயின் பிரேக். செயின் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பாரின் மூக்கின் மேற்பகுதி எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். மனிதனின் அனிச்சைச் செயலைவிட வேகமாக நடப்பது அது. 1970-களில் செயின் பிரேக் பரவத் தொடங்கியது. அதற்கு முந்தைய வடிவமைப்பில் வந்த 106 சிசி ஸ்டில் 070 போன்ற பெரிய மெஷின்களில் பிரேக்கும் இல்லை, அதிர்வு ரப்பரும் இல்லை. எவ்வளவு பலம் இருந்தாலும் அவற்றைத் தரையில் கிடக்கும் அடிமரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பிரேக் உள்ள மெஷினில் அது வேலை செய்கிறதா என்று பார்க்க எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை விடுவித்து, பின்கைப்பிடியை மட்டும் பிடித்தபடி பாரின் மூக்கை ஒரு மரக்கட்டைமேல் விழ விட வேண்டும். மோதிய அதிர்ச்சியிலேயே முன் தடுப்பு டக்கென்று முன்னால் விழுந்து பூட்ட வேண்டும். விழவில்லையென்றால் மூடியைக் கழற்றி, மரத்தூளும் ஆயிலும் இறுகிய பட்டையைச் சுத்தம் செய்து, ஸ்பிரிங்கைப் பார்த்து, பட்டை தேய்ந்திருந்தால் மாற்றி, மறுபடி அதே கட்டைமேல் விழ விட்டுப் பார்க்க வேண்டும்.