வலிப்பு நோயும் உழைப்பும்

நடராசரின் திருவடியின் கீழ் மிதிபட்டுக் கிடப்பவன் முயலகன். தமிழிலே வலிப்பு நோய்க்கும் முயலகன் என்பதே பெயர். கொல்லி மழவனின் மகளைப் பற்றியிருந்த முயலகனைச் சம்பந்தர் நீக்கினார் எனப் பெரியபுராணம் கூறும். நோயும் அரக்கனும் ஒரே பெயரைத் தாங்கி நிற்பதைத் தற்செயல் என நாம் ஒதுக்கிவிடல் இயலாது. நோயாளியைத் தீயசக்தியின் உறைவிடமாகக் கண்ட மனப்பாங்கு அதிலே பதிந்துள்ளது. வலிப்புற்றவர் கையில் இரும்பைத் திணிக்கும் வழக்கமும் அதன் எச்சமே. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதனையும் இடாது விடுதலே தக்கது. வலிப்பு 5 நிமிடங்களுக்கு மேல் நீடிப்பின் வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

மூளையின் நரம்புக் கலங்களில் மின்தூண்டல்கள் கட்டுமீறி ஒருங்கே எழுவதனால் வலிப்பு உண்டாகின்றது. பெனோபாபிற்றோன் 1912இலும் பெனிற்றோயின் 1938இலும் சிகிச்சைக்கு வந்தன. தகுந்த சிகிச்சை கிடைப்பின் நோயாளரில் 70 சதவீதத்தினர் வரை வலிப்பின்றி வாழலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

கிறிக்கெற் அறிந்தோர் ரொனி கிறெய்க்கை மறந்திரார். இளமையிலேயே இந்நோய்க்கு ஆளான அவர் இங்கிலாந்துக்காக 58 ரெஸ்ற் போட்டிகளில் ஆடினார்; 1975 முதல் 1977 வரை அணித்தலைவராகவும் விளங்கினார். 1992இல் உலகக் கிண்ணப் போட்டியொன்றில் பாய்ந்து விக்கெற்றைச் சாய்த்த ஜொன்ரி ரோட்சும் இந்நோயுடையவரே. எனினும் இத்தகைய எடுத்துக்காட்டுகளை மட்டும் காட்டி, மனவுறுதி இருந்தாற் போதும் என்று கூறுவது அரைகுறை உண்மையாகும்.

வலிப்பு கட்டுப்படும் வரை உயரத்தில் ஏறலாகாது, தனியே நீரில் இறங்கலாகாது, வாகனம் ஓட்டலாகாது என்பர் வைத்தியர். அறிவுரை சரியானதே. ஆயின் அது எழுதுவினைஞருக்குச் சிறு கட்டுப்பாடு; பனையேறும் தொழிலாளிக்கும் கடற்றொழிலாளிக்குமோ பிழைப்பையே பறிப்பது. மாற்றுத் தொழிலுக்கு வழி காட்டாத அறிவுரை, அவரை மீண்டும் மரத்திலேயே ஏற்றிவிடும். அடுப்பருகே நாளெல்லாம் நிற்கும் பெண்ணின் நிலையும் இதுவே. அவளுக்கு ஓய்வு என்பதே இல்லை.

சட்டமும் நெடுங்காலம் நோயாளியின் பக்கம் நிற்கவில்லை. இந்தியாவில் 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அடிக்கடி வலிப்பு வருவதை இந்துத் திருமணத்துக்குத் தடையாகச் சேர்த்தது. மருந்து கண்டுபிடிக்கப்பட்டு அறுபதாண்டுகளுக்குப் பின்னர் நிகழ்ந்தது இது என்பதை நோக்குக! 1999இலேதான் அச்சொல் நீக்கப்பட்டது. ஏட்டிலிருந்து நீங்கினும் பெண் பார்க்க வரும் வீட்டாரின் மனத்திலிருந்து அது நீங்கிவிடவில்லை. ஆதலின் பெற்றோர் நோயை மறைக்கின்றனர். மணமாகிச் சென்றவள் குளிசையை ஒளித்து வைக்கின்றாள்; யாரேனும் அருகிலிருப்பின் விழுங்காது விடுகின்றாள்; ஈற்றில் முற்றாகவே நிறுத்திவிடுகின்றாள். மருந்தைத் திடீரென நிறுத்துவதே ஓயாத வலிப்பை வரவழைத்து உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடியது.