தலைப்பிரட்டை நீரை விட்டு வெளியேறும் காலம்

மழை பெய்து வயலிலும் குட்டையிலும் நீர் தேங்கியவுடன் தவளைகள் முட்டையிடுவதை யாவரும் கண்டிருப்பர். அம்முட்டைகளினின்று வெளிவரும் தலைப்பிரட்டைகள் செவுள்களால் சுவாசித்து, பெரும்பாலும் பாசி முதலியவற்றைத் தின்று வளர்வன. இவை எந்நாளில் கரையேறும் என்பது இனத்தை மாத்திரம் பொறுத்ததன்று. ஒரே முட்டைத் திரளில் பிறந்தவையும் நீரின் நிலைக்குத் தக்கவாறு முன்பின்னாக வெளியேறுகின்றன.

நீரில் அதிக நாள் தங்கினால் உடல் நன்கு பருக்கும். ஆனால் குட்டை வற்றினால் மடிய நேரிடும். சீக்கிரம் வெளியேறினாலோ உடல் சிறுத்துக் கரையில் பிழைப்பது அரிதாகும். குறைந்தபட்ச அளவை எட்டிய தலைப்பிரட்டை, விரைவாக வளரும் வரையில் நீரிலேயே தங்கும் என்றும், வளர்ச்சி தளர்ந்தால் உருமாறத் தொடங்கும் என்றும் 1973-ஆம் ஆண்டில் வில்பர், காலின்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் விளக்கினர்.

இது யோசித்துச் செய்யும் காரியமன்று. நீர் குறைந்து, நீந்த இடமின்றி, நெருக்கமும் பசியும் உண்டாகும்போது மூளையில் சுரக்கும் ஒரு பொருள் தைராய்டு சுரப்பி வேலை செய்யும்படி தூண்டுகிறது. அச்சுரப்பியின் ரசமே உருமாற்றத்துக்குக் காரணம். 1912-இல் குடர்நாட்ச் என்பவர் தைராய்டு சுரப்பியையே தலைப்பிரட்டைகளுக்கு இரையாகக் கொடுத்தபோது, அவை மிகச் சிறிய உருவிலேயே உருமாறின. முதலில் பின்னங்கால்களும் பின்னர் முன்னங்கால்களும் தோன்றும். வாயும் குடலும் மாறும் அச்சில நாட்களில் அது உண்பதில்லை. வால் கரைந்து உடலுக்கு உணவாகிறது. அமெரிக்கப் பாலைநிலத்துத் தேரையினம் ஒன்று எட்டு ஒன்பது நாட்களிலேயே இத்தனையும் முடித்துவிடுவதுண்டு. நம் வயல்தவளைகளிடம் அவ்வளவு வேகத்தை எதிர்பார்த்தல் தகாது.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது நீர்ச் சிக்கனத்துக்கு உகந்த முறையே. ஆயினும் வயல் முழுவதும் ஒருங்கே காய்ந்தால், கால் முளைக்காத தலைப்பிரட்டைகள் சேற்று வெடிப்புகளில் மடிகின்றன. அந்துப்பூச்சிகளையும் தத்துப்பூச்சிகளையும் தின்னவேண்டிய தவளைகளே இவ்வாறு அழிகின்றன என்பதைக் குடியானவர் பலர் கவனிப்பதில்லை. ஆதலால், நீர் வடிக்குமுன் வயலின் தாழ்ந்த மூலையில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி வெட்டி, அதில் நீர் நிற்க விடுதல் நலம். மருந்து தெளித்த நீர் அதில் வடியலாகாது. மீன் வளர்க்கும் குட்டை இதற்கு உதவாது; மீன்கள் தலைப்பிரட்டைகளைத் தின்றுவிடும். புறம்போக்கிலுள்ள சிறு மழைக்குட்டைகளைத் தூர்க்க எவரேனும் முற்பட்டால், கிராம அதிகாரிகள் அதைத் தடுத்தல் வேண்டும். குழியின் ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்டுவது அவசியம். வால் கரையாத குஞ்சுத்தவளை செங்குத்தான கரையில் ஏறமாட்டாது.