பெயர்ப்பட்டியல் இல்லாதவர்களை ஆய்வுக்குள் கொண்டுவருவது எப்படி?

எழுந்தமானமாக நூறு பேரைத் தெரிவுசெய்ய, முதலில் எல்லோருடைய பட்டியலும் வேண்டும். மத்திய கிழக்கில் வீட்டுப்பணி செய்து இலங்கையின் களுவாஞ்சிக்குடிக்குத் திரும்பிய பெண்களின் மனநலத்தை ஆராய்பவருக்கு வாக்காளர் இடாப்பு உதவாது. ஆதார வைத்தியசாலையில் காத்திருந்தால் சிகிச்சைக்கு வருபவர்கள் மட்டுமே அகப்படுவர். ஆனால் அப்பெண்களுக்கு ஒருவரையொருவர் தெரியும்.

இந்த அறிமுகத்தையே அமெரிக்கச் சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கதார்ன் 1997இல் ஆய்வுமுறையாக்கினார். ‘விதை’ எனப்படும் சிலருக்கு இலக்கமிட்ட சீட்டுகள், வழக்கமாக மூன்று, தரப்படும். அவர்கள் அவற்றைத் தமக்குத் தெரிந்தவர்களிடம் கொடுப்பர்; சீட்டுடன் வருபவருக்கும் அவ்வாறே சீட்டுகள் கிடைக்க, சங்கிலி தொடரும். பங்கேற்றதற்கும், தாம் அழைத்த ஒருவர் வந்து சேர்ந்ததற்கும் சிறு தொகை உண்டு. சீட்டுக்கு வரம்பு இருப்பதால் ஒருவரே ஊரையெல்லாம் அழைத்துவர முடியாது. சங்கிலி நீள நீள விதைகளின் செல்வாக்கு மங்கும். பலரை அறிந்தவர் அழைக்கப்படும் வாய்ப்பு அதிகம் என்பதால் கணக்கீட்டில் அவரது எடை குறைக்கப்படும். நுட்பமே இங்குதான். சென்னையின் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனமும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்களும் 2012–13இல் இந்தியாவின் 27 ஆய்வு மையங்களில் இம்முறையால் எச்.ஐ.வி. ஆபத்துள்ள 26,000க்கும் மேற்பட்டோரைச் சேர்த்தனர்.

இணையத்தில் சீட்டுக்குப் பதில் வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பு போதும். வேகம் கூடும், தொகைக்காக ஒருவரே பலராக வருவதும் கூடும். ஒருமுறை மட்டும் செல்லும் குறியீடு அதைக் குறைக்கும். தொலைபேசி எண்ணைச் சரிபார்த்தால் இன்னும் குறையும், ஆனால் மறைந்திருக்க விரும்புபவர் விலகிவிடுவார். ஸ்மார்ட்போன் இல்லாதவர் சங்கிலிக்குள் வருவதே இல்லை. எந்த எடைக்கணக்கும் அவரை மீட்காது. அவருக்கு இன்னும் காகிதச் சீட்டுத்தான்.