தைரியமாக இருக்கச் சொல்லாதீர்கள்

மருத்துவமனையில் ஓவரி கேன்சர் என்று சொல்லப்படும் சினைப்பைப் புற்றுநோய் ஒரு பெண்ணுக்கு வந்திருப்பது தெரிந்ததும், வீட்டுக்கு வருகிற அத்தனை பேரும் சொல்லிவிட்டுப் போவது ‘தைரியமா இரு’ என்பதைத்தான். அக்கறையில் சொல்வதுதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் ஒரு கட்டளையும் இருக்கிறது: அழாதே, பயத்தை வெளியே காட்டாதே, நீ மனசு விட்டால் நோய் முற்றிவிடும். நோயின் பாரம் போதாதென்று, மற்றவர்கள் கலங்காமல் பார்த்துக்கொள்ளும் பாரமும் அவள் தலையில் ஏறுகிறது. அந்த முதல் சில வாரங்களில் அவளுக்குத் தேவை, தன் நிலையை உள்ளபடி அறிவதும், பயந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்ல ஓர் ஆளும்தான். மற்றவை பிறகு.

பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2022இல் இந்தியாவில் ஏறக்குறைய 47,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. பெரும்பாலோருக்கு மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் தெரிகிறது. வயிறு உப்புசம், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் போவது என்று இதன் அறிகுறிகள் எல்லாமே ‘கேஸ் ட்ரபிள்’ என்று மாத்திரை போட்டுக்கொள்ளத் தோன்றுபவை. அதனால்தான் நோய் தெரிந்ததும் பயத்தோடு குற்ற உணர்வும் வந்து உட்காருகிறது: முன்பே பார்த்திருக்கலாமே! பிரிட்டனில் அறிகுறி எதுவுமில்லாத 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ செய்து பார்த்தார்கள். 2021இல் வந்த இறுதி முடிவின்படி, அதனால் இந்நோயால் ஏற்படும் மரணங்கள் குறையவில்லை. அறிகுறிகள் விடாமல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால், அவ்வளவு பெரிய மருத்துவத் திட்டத்தாலேயே மரணங்களைக் குறைக்க முடியாதபோது, தான் முன்பே கவனிக்கவில்லையே என்று ஒருத்தி தன்னையே நொந்துகொள்வதில் நியாயமில்லை.

சரி, மனம் தளர்ந்தால் உடம்பும் தோற்காதா? இந்த நம்பிக்கைக்கு ஆய்வுகளில் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. போராடும் குணமோ நம்பிக்கை இழப்போ ஆயுளைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்று ஆராய்ந்த கட்டுரைகளை எல்லாம் தொகுத்துப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், நம்பும்படியான சான்று இல்லை என்று 2002இல் எழுதினார்கள். மார்பகப் புற்றுநோய் பரவிய பெண்கள் குழுவாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினால் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று 1989இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. 2001இல் கனடாவில் பெரிய அளவில் சோதித்தபோது ஆயுள் கூடவில்லை. ஆனால் மன வேதனையும் வலியும் குறைந்தன, அதுவும் அதிகம் நொந்துபோயிருந்தவர்களுக்கே பலன் அதிகம். பேசுவதற்கு அந்தப் பலன் போதாதா? ‘நடிகை மனீஷா கொய்ராலா மன உறுதியால்தானே மீண்டார்’ என்று சிலர் கேட்கலாம். 2012இல் இதே சினைப்பைப் புற்றுநோய் இருப்பது தெரிந்த அவருக்கு நியூயார்க்கில் அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் நடந்தன. தான் பயந்ததையும் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது: ‘உண்மை தெரிந்தால் உடைந்துபோவாள்.’ அதனால் ஃபைல் மகன் கையில், கணவர் மட்டும் டாக்டர் அறையில், நோயாளி வெளியே பெஞ்சில். பிரியத்தால் செய்வதுதான். ஆனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ ஏறி, முடி கொட்டி, பக்கத்துப் படுக்கைக்காரர்களோடு பேசும் பெண்ணிடம் இது எத்தனை நாள் மறையும்? தெரிந்தும் தெரியாதவள்போல் நடிக்க வேண்டிய நிலையில் தனிமைதான் மிஞ்சும். தவிர, இந்நோயாளிகளில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்குப் பிறவியிலேயே வந்த மரபணுக் கோளாறு காரணம். அது இருக்கிறதா என்று பார்ப்பது அவளது மருந்தைத் தீர்மானிக்கும், மகளையும் தங்கையையும் எச்சரிக்கும். அவளுக்குத் தெரியாமல் இதை எப்படி முடிவு செய்வது? எல்லோரும் எல்லா விவரத்தையும் கேட்க விரும்புவதில்லை என்பதும் உண்மை. ‘உனக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?’ என்று அவளையே கேட்டுவிட்டால் போயிற்று.

கூட்டம் நெரியும் மருத்துவமனையில் மனசைப் பற்றிப் பேச யாருக்கு நேரம் என்ற கேள்வி பெங்களூரு போன்ற ஊரில் நியாயமானது. தமிழ்க் குடும்பங்கள் வாழும் ஜீவனஹள்ளியிலிருந்து ஓசூர் சாலையில் உள்ள கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு, டாக்டர் முன் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். கேள்விகளை முந்தின இரவே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் அந்த நிமிடங்கள் வீணாகாது. மனநலத்துக்கான நிம்ஹான்ஸும் அதே ஓசூர் சாலைப் பகுதியில்தான் இருக்கிறது. அந்த நிறுவனத்தை மையமாகக் கொண்டு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்தால், தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். முதல் சில வாரங்களின் அழுகையும் தூக்கமின்மையும் இயல்பானவை. எதிலும் பிடிப்பில்லாத நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, செத்துவிடலாம் என்று தோன்றினாலோ, காத்திராமல் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். மனச்சோர்வுக்கும் சிகிச்சை உண்டு.

ஒரு விஷயத்தைக் குடும்பங்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இந்நோயாளிகள் 3,600க்கும் மேற்பட்டோர் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான கட்டுரையின்படி, மனச்சோர்வு சிகிச்சைக்கு முன் 25 சதவீதம் பேருக்கு இருந்தது, சிகிச்சைக்குப் பின் 13 சதவீதமாகக் குறைந்தது. பதற்றமோ 19இலிருந்து 27 சதவீதமாக ஏறியது. கடைசி கீமோ முடிந்து முடி வளரத் தொடங்கியதும் ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று உறவினர்கள் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவளோ, நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையின் அடுத்த எண்ணுக்காகக் காத்திருக்கிறாள். முதல் கீமோவுக்குத் துணைக்குப் போனவர்கள் அந்தப் பரிசோதனைகளுக்கும் கூடப் போக வேண்டும்.