தோலில் தெரியாத தழும்பு

முதல் பிள்ளையை வெட்டி எடுத்தால் மற்றதுகளையும் வெட்டித்தான் எடுக்கவேணும் என்று எம்மிடையே ஒரு பேச்சுண்டு. இதை ஊர் அறியாமை என்று ஒதுக்குபவர்கள் கவனிக்க: இதையே 1916இல் சொன்னவர் எட்வின் கிரேகின் என்ற நியூயோர்க் மகப்பேற்று மருத்துவர். அன்று கருப்பையின் மேற்பகுதியை நெடுக்காக வெட்டினார்கள். அந்தத் தழும்பு அடுத்த பிரசவ வலியில் கிழிவது இன்றைய கணக்கிலும் 100 பேரில் 4 முதல் 9 பேருக்கு. பின்னர் கிளாஸ்கோவின் மன்றோ கேர் போன்றோர் கீழ்ப்பகுதியைக் குறுக்காக வெட்டும் முறையைப் பரப்பினர். நிலைமை மாறியது, பேச்சு மாறவில்லை.

நோர்வேயில் 1999-2005 காலத்தில், முன்னர் சிசேரியன் செய்த 18,794 தாய்மாரில் கருப்பை கிழிந்தவர்கள் 94 பேர். ஏறத்தாழ 200 பேரில் ஒருவர். எண் சிறிது, ஆனால் நிகழ்ந்தால் நேரம் நிமிடங்களில் எண்ணப்படுகிறது. குழந்தைக்குப் பிராணவாயு தடைப்படும். பெரும்பாலும் அதன் இதயத்துடிப்பு சடுதியாக வீழ்வதே முதல் அறிகுறி. தாய்க்கு உள்ளே இரத்தம் பெருகும், சிலருக்குக் கருப்பையையே அகற்ற நேரும். வசதியுள்ள நாடுகளில் தாய் இறப்பது அரிது. வறிய நாடுகளில், தழும்பே இல்லாத கருப்பைகூட, பிள்ளை வெளிவர வழியின்றி நீண்ட பிரசவத்தில் கிழிகிறது. அங்கே பிரச்சினை தழும்பல்ல, ஆஸ்பத்திரியின் தூரம்.

பிரசவத்தை எப்படித் தொடக்குகிறார்கள் என்பது முக்கியம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சிசேரியன் செய்த 20,095 பெண்களைப் பற்றி 2001இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வலியின்றி மீண்டும் சிசேரியன் செய்தவர்களில் கிழிந்தது 1000க்கு 1.6. வலி தானாக வந்தவர்களில் 5.2. புரொஸ்டகிளாண்டின் மருந்து கொடுத்து வலியை வரவழைத்தவர்களில் 24.5. இரு பிரசவங்களுக்கிடையே இடைவெளி குறைவதும் ஆபத்தைக் கூட்டும். முன்பு ஒருமுறையேனும் இயல்பாகப் பெற்றிருந்தால் ஆபத்துக் குறையும்.

அப்படியானால் எல்லோருக்கும் சிசேரியனே என்பதும் தீர்வல்ல. ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு நச்சுக்கொடி தழும்பில் ஊன்றிப் பிடிக்கும் ஆபத்து ஏறுகிறது. நான்காவது சிசேரியனில் அது 100 பேரில் 2 பேருக்கு. 'இயற்கைப் பிரசவம்' என்பதைக் கொள்கையாக்கி மருத்துவரைச் சந்தேகிக்கும் இங்குள்ள போக்கும் எனக்கு உடன்பாடில்லை.

மேற்சொன்ன நோர்வே ஆய்வு இன்னொன்றையும் கண்டது: மேற்குலகுக்கு வெளியிலிருந்து வந்த தாய்மாருக்குக் கருப்பை கிழிதல் கூடுதல். எண் காரணத்தைச் சொல்லாது. இதை 'இனத்தின் உடல்வாகு' என்று விளங்கிக்கொள்வதை நான் மறுக்கிறேன்.

நான் இங்கு ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்ப்பவள். முதற் பிள்ளையை வன்னியில் 2009இல் சிசேரியனில் பெற்ற ஒரு பெண், பல வருடம் கழித்துக் கணவருடன் சேர்ந்து, இரண்டாவதைச் சுமந்து வந்திருந்தார். கருப்பையை நெடுக்காக வெட்டினார்களா, குறுக்காகவா என்று டொக்டர் கேட்டார். அவர் வயிற்றுத் தழும்பைக் காட்டினார். தோலில் உள்ள வெட்டும் கருப்பையில் உள்ள வெட்டும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. காகிதங்கள் எல்லாம் இடம்பெயர்வில் போய்விட்டன. முந்தைய சந்திப்பில் கணவரே மொழிபெயர்த்து, "எல்லாம் நோர்மல்" என்று எழுதுவித்திருக்கிறார். அந்தப் பெண்ணிடமே கேட்டபோதுதான் தெரிந்தது: பிள்ளை ஏழாம் மாதத்தில், குறுக்கே கிடந்தபடி எடுக்கப்பட்டது. இப்படியான நிலையில் நெடுக்கு வெட்டுக்கு வாய்ப்புக் கூட. வலி வருமுன் சிசேரியன் என்று டொக்டர் முடிவை மாற்றினார்.

காகிதம் இல்லாதவருக்கு ஞாபகமே சத்திரசிகிச்சை அறிக்கை: எத்தனையாம் மாதம், ஏன் வெட்டினார்கள், பிள்ளை எப்படிக் கிடந்தது, பிறகு காய்ச்சல் வந்ததா. ஊரில் இப்போது சிசேரியன் செய்யும் உறவினருக்கு அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். நோர்வேயில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், தேவையானபோது தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை அழைப்பதை அரச நிறுவனங்களின் கடமையாக்கியுள்ளது. பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்ப்பிப்பதைத் தடுக்கிறது. ஆயினும் நான் காண்பது, கணவன் பக்கத்தில் நின்றால் மொழிபெயர்ப்பாளரை அழைக்கப் பலருக்கும் தோன்றுவதில்லை.